கோப்பின் பெயரா, நாட்டின் பெயரா? இரண்டெழுத்து டொமைன்களை பிரவுசர் கையாளும் விதம்

மென்பொருள் எழுதுபவர்கள் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் 'ரீட்மீ.எம்டி' என்று ஒரு கோப்பு வைத்திருப்பார்கள். அந்தப் பெயரை அப்படியே குரோமின் முகவரிப் பட்டையில் தட்டி என்டர் அழுத்திப் பாருங்கள். குரோம் அதைத் தேடுபொறிக்கு அனுப்பாது. மால்டோவா நாட்டின் பெயர்வெளியில் இருக்கும் ஓர் இணையதளம் என்று எடுத்துக்கொண்டு அங்கே போகப் பார்க்கும். அதே இடத்தில் 'நோட்.ஜேஎஸ்' என்று தட்டினால் தேடல் முடிவுகள் வரும். இரண்டிலும் இருப்பது ஒரு சொல், ஒரு புள்ளி, இரண்டெழுத்து. 'எம்டி' மால்டோவாவின் குறியீடு, 'ஜேஎஸ்' எந்த நாட்டுக்கும் உரியதல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்.

இது பிரவுசருக்கு எப்படித் தெரிந்தது? பெயரைப் பார்த்து அல்ல. அது தன்னோடு சுமந்து வரும் ஒரு பட்டியலைப் பார்த்து. குறுகிய நாட்டுக் குறியீட்டுப் பெயர்களில் வரும் குழப்பங்களை அலசினால், லாகின் நிற்காமல் போவதிலிருந்து தேடல் பக்கம் திறப்பது வரை, பெரும்பாலானவை இப்படி ஏதோ ஒரு பட்டியலிலோ ஊகத்திலோ போய் முடிகின்றன. எந்த இடத்தில் எந்தப் பட்டியல் முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விசைப்பலகையில் தட்டுவது தொடங்கி பக்கம் திறப்பது வரை வரிசையாகப் பார்க்கலாம். ஆங்கில எழுத்தில் இருக்கும் டொமைன் பெயர்களை அவற்றின் ஒலிப்பிலேயே தமிழில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: இந்த இரண்டெழுத்து எங்கிருந்து வந்தது

நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு வழங்கும் ஐஎஸ்ஓ 3166-1 என்ற தரநிலைதான் மூலம். இணையப் பெயர்களைக் கவனித்துவந்த ஜான் போஸ்டல் 1994 மார்ச்சில் எழுதிய ஆர்எஃப்சி 1591 (இணையத்தின் இயக்கத்தை விவரிக்கும் எண்ணிட்ட ஆவண வரிசையில் ஒன்று), 'எது நாடு, எது நாடு அல்ல என்று தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை' என்று தெளிவாகச் சொல்லி, அந்தப் பொறுப்பை ஐஎஸ்ஓ பட்டியலிடம் விட்டுவிட்டது. விதிவிலக்குகளும் உண்டு. பிரிட்டனின் ஐஎஸ்ஓ குறியீடு 'ஜிபி', ஆனால் இணையத்தில் அது 'யூகே'. சோவியத் ஒன்றியம் கலைந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் '.எஸ்யூ' உயிரோடு இருக்கிறது.

பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் துண்டுக்கு உச்சநிலை டொமைன் என்று பெயர். ரோமன் எழுத்தில் இரண்டே எழுத்துள்ள உச்சநிலை டொமைன்கள் எல்லாமே நாட்டுக் குறியீட்டு வகையைச் சேர்ந்தவை. மூன்றும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் பொதுவகை. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: பிரவுசரின் பார்வையில் 'நாடு' என்ற ஒன்று கிடையாது. '.டிவி' துவாலுவுக்கு உரியது, '.ஏஐ' அங்குயிலாவுக்கு உரியது என்பதெல்லாம் மனிதர்களுக்கான செய்தி. பிரவுசர் பார்ப்பது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் துண்டு தெரிந்த ஒன்றா என்பதை மட்டும்தான்.

முதல் படி: சொல்லா, முகவரியா

முகவரிப் பட்டையும் தேடல் பட்டையும் ஒன்றாகிவிட்டதால், நீங்கள் தட்டும் ஒவ்வொன்றையும் பிரவுசர் முதலில் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது. முன்னால் 'ஹெச்டிடிபி' இருந்தால் சந்தேகமே இல்லை, அது முகவரி. நடுவில் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் தேடல். சிக்கல் இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பவற்றில்தான்.

புள்ளி இருந்தால், கடைசித் துண்டு தெரிந்த பின்னொட்டா என்று குரோம் பார்க்கிறது. தெரிந்ததாக இருந்தால் முகவரி, இல்லாவிட்டால் தேடல். ஃபயர்பாக்ஸும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. அதனால்தான் கோப்புப் பெயர்கள் நாடுகளாக மாறுகின்றன. பைதான் கோப்பின் 'பிஒய்' பராகுவேயின் குறியீடு. ஷெல் ஸ்கிரிப்டின் 'எஸ்ஹெச்' செயின்ட் ஹெலினா தீவுக்குரியது. ரஸ்ட் கோப்பின் 'ஆர்எஸ்' செர்பியா, பெர்ல் கோப்பின் 'பிஎல்' போலந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் 'பிஎஸ்' பாலஸ்தீனம். இப்படி ஒரு கோப்பைப் பற்றித் தேட வேண்டுமென்றால், முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு இடைவெளி விட்டுத் தட்டுங்கள். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அது 'இது தேடல்தான்' என்ற கட்டளை.

புள்ளியே இல்லாத ஒற்றைச் சொல் என்றால் இன்றைய பிரவுசர்கள் தேடலையே முதலில் எடுத்துக்கொள்ளும். அலுவலக வலைக்குள் 'ஹெச்ஆர்' என்ற பெயரில் ஒரு சர்வர் இருக்கிறது, அங்கே போக வேண்டும் என்றால் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு சேருங்கள். அந்த ஒரு சாய்கோடு போதும், பிரவுசர் தேடலை விட்டுவிட்டு அதை சர்வர் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒருமுறை அப்படிப் போய்விட்டால் குரோம் தன் வரலாற்றிலிருந்து அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸ் 'இந்தத் தளத்துக்கா போக நினைத்தீர்கள்?' என்று கேட்கும். ஆமாம் என்றால் அடுத்த முறையிலிருந்து நேரே போகும்.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு என்டர் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அது புள்ளி இல்லாமல் தட்டிய பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூவும் பின்னால் '.காம்' என்பதும் சேர்க்கும் குறுக்குவழி. நாட்டுக் குறியீட்டுத் தளத்தைத் தேடிப் போகும்போது அது உங்களை வேறு யாரோ ஒருவருடைய வாசலில் நிறுத்தலாம்.

இதே தரம்பிரிப்பு அரட்டைச் செயலிகளிலும் நடக்கிறது. அங்கே இதன் தொல்லை இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் குட்டிச் சொற்களில் எத்தனை நாட்டுக் குறியீடுகள் என்று பாருங்கள்: 'இன்' இந்தியா, 'இட்' இத்தாலி, 'இஸ்' ஐஸ்லாந்து, 'டு' டோங்கா, 'நோ' நார்வே, 'மை' மலேசியா, 'மீ' மாண்டினீக்ரோ, 'சோ' சோமாலியா, 'பை' பெலாரஸ், 'அட்' ஆஸ்திரியா. வாக்கியத்தை முடித்துப் புள்ளி வைத்துவிட்டு, இடைவெளி விடாமல் அடுத்த வாக்கியத்தை இந்தச் சொற்களில் ஒன்றால் தொடங்கினால், நடுவில் ஒரு நீல நிற இணைப்பு முளைத்துவிடும். நீங்கள் அனுப்ப நினைக்காத அந்த இணைப்பை யாராவது பதிவு செய்து வைத்திருக்கவும் கூடும். புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடும் வழக்கம் இலக்கணத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது இதைக் கவனித்த பிறகுதான்.

இரண்டாம் படி: பெயரைத் தேடிப் போவது

முகவரி என்று முடிவான பிறகு, பெயரை எண்ணாக மாற்றும் வேலை டிஎன்எஸ்ஸிடம் போகிறது. இங்கே பலருக்கும் தெரியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது: தேடல் பின்னொட்டு. அலுவலக வலையில் சேர்ந்ததும் உங்கள் கணினிக்கு அந்த நிறுவனத்தின் டொமைன் ஒரு பின்னொட்டாகக் கொடுக்கப்படும். அதற்கப்புறம் 'ஹெச்ஆர்' என்று கேட்டால் கணினி அதன் பின்னால் நிறுவனப் பெயரை ஒட்டிக் கேட்கும். லினக்ஸில் இதற்கு 'என்டாட்ஸ்' என்று ஓர் அளவு இருக்கிறது, இயல்பாக 1. பெயரில் அந்த எண்ணிக்கையை விடக் குறைவாகப் புள்ளிகள் இருந்தால் முதலில் பின்னொட்டு ஒட்டிப் பார்க்கும், கிடைக்காவிட்டால் பெயரை உள்ளபடியே கேட்கும்.

இப்போது யோசியுங்கள். அலுவலகங்கள் சர்வர்களுக்கு வைக்கும் பெயர்கள் எவை? 'ஹெச்ஆர்', 'ஐடி', 'க்யூஏ', 'பிஆர்'. உலக அளவில் இவை முறையே குரோஷியா, இத்தாலி, கத்தார், போர்ட்டோ ரிக்கோ. அலுவலகத்துக்குள் இருக்கும்வரை பின்னொட்டு காப்பாற்றும். மடிக்கணினியை வெளியே கொண்டுபோய் வேறொரு வலையில் இணைத்தால் அந்தப் பின்னொட்டு போய்விடும். அப்போது அதே கேள்வி டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் வேர் சர்வர்கள் வரை போகலாம். விண்டோஸ் இப்படிப்பட்ட ஒற்றைச் சொல்லை அதே வலையில் இருக்கும் பக்கத்துக் கணினிகளிடமும் கேட்கும். பொது வைஃபையில் இருப்பவர் யாரென்று தெரியாத நிலையில் இது நல்லதல்ல. புதிதாக அலுவலக வலை அமைக்கிறீர்கள் என்றால் சர்வர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர் வைக்கவே வேண்டாம் என்பது என் திட்டமான கருத்து.

இந்த வலி புதிதல்ல. பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல் துறைகள் 'சிஎஸ்' என்று முடியும் சுருக்கப் பெயர்களைப் பயன்படுத்தி வந்தன. பிறகு செக்கோஸ்லோவாக்கியாவுக்கு '.சிஎஸ்' கிடைத்தது. அந்தச் சுருக்கப் பெயர் துறையைக் குறிக்கிறதா, நாட்டைக் குறிக்கிறதா என்று மென்பொருள்கள் தடுமாறின. 1993 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1535 இதே வகை ஆபத்தை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது: '.காம்' வலைக்குள் இருக்கும் கணினி '.இடியூ' என்று முடியும் முழுப்பெயரைக் கேட்டாலும் பின்னொட்டு ஒட்டி 'இடியூ.காம்' என்ற இடத்தில் தேடும். 'இடியூ.காம்' என்பதை ஒருவர் பதிவு செய்துவிட்டால் அந்தக் கேள்விகள் எல்லாம் அவரிடம் போகும். அதற்குப் பிறகுதான் புள்ளி உள்ள பெயரை முதலில் உள்ளபடியே கேட்கும் வழக்கம் பரவியது.

பின்னொட்டு வேண்டாம், பெயர் இத்தோடு முடிந்தது என்று சொல்ல ஒரு வழி உண்டு: கடைசியில் ஒரு புள்ளி. டிஎன்எஸ் கணக்கில் அந்தப் புள்ளி வேரைக் குறிக்கும். ஆனால் அதை பிரவுசரில் பயன்படுத்தினால் ஒரு விளைவு இருக்கிறது. கடைசிப் புள்ளியோடு இருக்கும் பெயரையும் புள்ளி இல்லாத பெயரையும் பிரவுசர் இரண்டு வெவ்வேறு தளங்களாகவே பார்க்கும். ஒன்றில் செய்த லாகின் மற்றதில் இருக்காது. சில சர்வர்கள் அந்தப் பெயரை அடையாளம் தெரியாமல் பிழைப் பக்கம் காட்டவும் செய்யும்.

இந்தப் படியில் குரோம் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாத பெயரைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்று சொல்லி விளம்பரப் பக்கம் காட்டும் இணையச் சேவையாளர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட வலையில் ஒற்றைச் சொல் எதைத் தட்டினாலும் அது உண்மையான சர்வர் போலத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்க குரோம் தொடங்கும்போதெல்லாம் 7 முதல் 15 எழுத்து நீளத்தில் மூன்று தாறுமாறான பெயர்களை உருவாக்கிக் கேட்டுப் பார்த்தது. பதில் வந்தால் வலை பொய் சொல்கிறது என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெயர்கள் எந்த நாட்டுக்கும் எந்த வகைக்கும் சேராதவை என்பதால் எல்லாமே வேர் சர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2020இல், வேர் சர்வர்கள் சிலவற்றை நடத்தும் வெரிசைன் நிறுவனம் கணக்குப் பார்த்தபோது வேர் சர்வர்களுக்கு வந்த கேள்விகளில் கிட்டத்தட்ட பாதி இந்த வகையாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த குரோம் 87இல் அந்த வழக்கத்தை மாற்றிய பிறகுதான் சுமை இறங்கியது.

மூன்றாம் படி: நாட்டுக் குறியீடே ஒரு தளமாக இருந்தால்

'ஏஐ' என்ற இரண்டெழுத்துக்கு முன்னால் எதுவும் இல்லாமல், அதுவே ஒரு தளமாக இருக்க முடியுமா? டிஎன்எஸ் விதிப்படி முடியும். சில நாட்டுக் குறியீடுகள் அப்படி இருந்தும் இருக்கின்றன. 2013 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 7085, அப்படி முகவரி வைத்திருந்த உச்சநிலை டொமைன்களைப் பட்டியலிட்டது. அங்குயிலா, டென்மார்க், டோங்கா, உஸ்பெகிஸ்தான் ஆகியவற்றின் குறியீடுகள் அதில் இருந்தன. டோங்கா ஒரு காலத்தில் அந்த வெறும் பெயரிலேயே இணைப்புச் சுருக்கும் சேவை நடத்தியது. இதைவிடச் சின்னதாக ஒரு முகவரி இருக்க முடியாது.

பொதுவகை டொமைன்களுக்கு இந்த வழி மூடப்பட்டுவிட்டது. 2013 ஜூலையில் இணையக் கட்டமைப்புக் குழு இது தீங்கானது என்று அறிக்கை விட்டது, ஆகஸ்டில், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் தடை விதித்தது. நாட்டுக் குறியீடுகளை நடத்துபவர்கள் தங்கள் கொள்கையைத் தாங்களே வகுப்பதால் அந்தத் தடை அவர்களைக் கட்டுப்படுத்தாது.

அப்படி ஒரு தளத்தைத் திறந்து பார்க்க ஆசை என்றால் 'ஹெச்டிடிபி' முழுவதும் தட்டி, பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேருங்கள். புள்ளி தேடல் பின்னொட்டைத் தடுக்கும், சாய்கோடு தேடுபொறியைத் தடுக்கும். திறக்காவிட்டால் வியப்படைய வேண்டாம். இந்த முகவரிகள் வரும், போகும்.

நான்காம் படி: பூட்டு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த குரோம் 90 முதல், வெறும் பெயரைத் தட்டினால் முதலில், தகவலைப் பூட்டி அனுப்பும் ஹெச்டிடிபிஎஸ் முயற்சிக்கப்படுகிறது. ஃபயர்பாக்ஸில் 2024இல் வந்த 129ஆம் பதிப்பிலிருந்து அப்படி. புள்ளி இல்லாத ஒற்றைப் பெயருக்கு மட்டும் குரோம் இந்த மாற்றத்தைப் பொருத்தவில்லை, பழைய ஹெச்டிடிபியிலேயே விட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது: இந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் புள்ளி இல்லாத பெயருக்கு அதைத் தருவதில்லை, மற்ற பொதுச் சான்றிதழ் நிறுவனங்களும் அலுவலக உள்பெயர்களுக்குத் தருவதை 2015 நவம்பருக்குள் நிறுத்தியாக வேண்டியிருந்தது. உங்கள் குறுகிய டொமைனில் ஒரு புள்ளி இருக்கும்வரை உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஐந்தாம் படி: குக்கி

குறுகிய டொமைன் வைத்திருப்பவர்களை அதிகம் வாட்டிய இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

லாகின் போன்றவற்றை நினைவில் வைக்க ஒரு தளம் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்புதான் குக்கி. ஒரு தளம் தனக்கும் தன் துணைத்தளங்களுக்கும் பொதுவாகக் குக்கி வைக்கலாம். 'கடை.காம்' வைத்த குக்கியை 'வண்டி.கடை.காம்' படிக்கலாம். ஆனால் '.காம்' முழுமைக்கும் ஒரு தளம் குக்கி வைக்க முடிந்தால் உலகமே அதைப் படிக்கும். எனவே எந்த இடத்தில் கோடு போடுவது என்று பிரவுசருக்குத் தெரிய வேண்டும். '.காம்' என்றால் எளிது. நாட்டுக் குறியீடுகளில் எளிதல்ல. பிரிட்டனில் 'கோ.யூகே' என்பது தளம் அல்ல, அதன் கீழே பலரும் தங்கள் பெயரைப் பதியும் பொதுப் பெயர் (இனி 'பதிவுப் பெயர்'), ஜெர்மனியில் '.டிஇ'க்குக் கீழே நேரடியாகவே பெயர் பதியலாம்.

ஆரம்பகால பிரவுசரான நெட்ஸ்கேப் குக்கியைக் கொண்டுவந்தபோது ஒரு விதி எழுதியது: காம், இடியூ, நெட், ஆர்க், கவ், மில், இன்ட் என்ற ஏழுக்கும் இரண்டு புள்ளி போதும், மற்ற எல்லாவற்றுக்கும் குறைந்தது மூன்று புள்ளி வேண்டும். முன்னால் ஒரு புள்ளி சேர்த்து எண்ணும் கணக்கு அது. இதன்படி ஜெர்மனியின் சாதாரணத் தளம் எதுவும் தன் டொமைன் அளவில் குக்கி வைக்க முடியாது. அந்த விதி அப்படியே நிற்க முடியாதது இயல்பே.

அப்புறம் ஆளுக்கொரு ஊகம் செய்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எழுத்துகளை எண்ணியது. இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டுக்கு முன்னால் இருப்பதும் இரண்டே எழுத்து என்றால் அதுவும் 'கோ' போன்ற ஒரு பதிவுப் பெயராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, அந்த அளவில் குக்கி வைக்க மறுத்தது. ஆசை ஆசையாக மொத்தம் நான்கே எழுத்தில் டொமைன் வாங்கியவர்களின் தளத்தில் லாகின் நிற்காது. சர்வரில் பிழை இருக்காது, நிரலில் பிழை இருக்காது, மற்ற பிரவுசர்களில் எல்லாம் ஓடும். பெயரின் நீளம்தான் குற்றம் என்று யாருக்குத் தோன்றும்? மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் கட்டுரையிலேயே இதைப் பதிவு செய்திருந்தது. ஒப்பேரா வேறு வழி பிடித்தது. அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் முகவரி இருக்கிறதா என்று கேட்டது: இருந்தால் அது தளம், இல்லாவிட்டால் பதிவுப் பெயர். இது எழுத்தை எண்ணுவதைவிடப் புத்திசாலித்தனமானது. ஆனால் மூன்றாம் படியில் பார்த்த, தானே முகவரி வைத்திருக்கும் நாட்டுக் குறியீடுகள் அதையும் ஏமாற்றும்.

ஊகத்தால் இது தீராது என்று புரிந்த பிறகு, ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லா ஒரு பட்டியலைத் தொடங்கியது. அதன் பெயர் பொதுப் பின்னொட்டுப் பட்டியல். 2008இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3 அதைப் பயன்படுத்தியது, இன்று எல்லாப் பெரிய பிரவுசர்களும் ஏதோ ஒரு வடிவில் அதைச் சார்ந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான வரிகள், தன்னார்வலர்கள் பராமரிப்பது. இணையத்தின் இத்தனை பெரிய பாதுகாப்பு ஓர் எளிய உரைக் கோப்பில் நிற்கிறது என்பதை நினைத்தால் அதைப் பராமரிப்பவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

அதில் மூன்று வகை வரிகள் உண்டு. சாதாரண வரி 'கோ.யூகே' போன்றது. நட்சத்திர வரி, அந்த நாட்டுக்குக் கீழே இருக்கும் எல்லாமே பதிவுப் பெயர்கள் என்று சொல்லும். ஆச்சரியக்குறி வரி விதிவிலக்கு. குக் தீவுகளின் '.சிகே' நல்ல எடுத்துக்காட்டு: நட்சத்திர வரி ஒன்று, அதற்கு விதிவிலக்காக மூன்று டபிள்யூ கொண்ட ஒரே ஒரு தளம். ஜப்பானின் கவாசாகி நகரத்தின் பெயருக்கும் நட்சத்திரம் உண்டு, நகராட்சியின் தளம் மட்டும் விலக்கு. பிரவுசர் உங்கள் பெயருக்குப் பொருந்தும் வரியைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இன்னொரு துண்டைச் சேர்த்து, 'இதுதான் தளம்' என்று கோடு போடுகிறது.

பட்டியல் பழசானால் என்ன ஆகும்? பிரிட்டன் 2014 ஜூன் 10 அன்று '.யூகே'யை நேரடிப் பதிவுக்குத் திறந்தது. அதற்கு முந்தைய பட்டியலில் யூகேவுக்கு நட்சத்திர வரிதான் இருந்தது. பழைய பட்டியலோடு ஓடும் பிரவுசரின் கண்ணில், புதிதாகப் பதிவான நேரடி '.யூகே' பெயர் ஒவ்வொன்றும் ஒரு பதிவுப் பெயர், குக்கிக்கு இடமில்லை. ஆகவே உங்கள் தளத்தில் ஒரு சிலருக்கு மட்டும் லாகின் நிற்கவில்லை என்றால் அவர்கள் பிரவுசரின் வயதை முதலில் கேளுங்கள்.

இந்தப் பட்டியலின் பிடி குக்கியோடு நிற்பதில்லை. கடவுச்சொல் மேலாளர் எந்தத் தளத்தில் எதை நிரப்புவது என்று முடிவெடுப்பதும், குரோம் எந்தப் பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறையில் வைப்பது என்று பிரிப்பதும் இதை வைத்துத்தான். பலரும் தங்கள் பக்கங்களை வைக்கும் 'கிட்ஹப்.ஐஓ' பட்டியலில் இருப்பதால்தான் அதன் கீழே பக்கம் வைத்திருக்கும் ஒருவர் இன்னொருவரின் குக்கியைத் தொட முடிவதில்லை. நீங்களும் உங்கள் குறுகிய டொமைனின் கீழ் மற்றவர்களுக்குத் துணைப்பெயர் கொடுக்கிறீர்கள் என்றால் பட்டியலின் தனியார் பகுதியில் சேர விண்ணப்பிப்பது உங்கள் கடமை. சேர்ந்த பிறகு அந்த டொமைன் அளவில் உங்களாலும் குக்கி வைக்க முடியாது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள், குக்கிகள் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றின் டொமைன் கட்டத்தையும் பாருங்கள். பெயருக்கு முன்னால் புள்ளி இருந்தால் அது துணைத்தளங்களுக்கும் போகும் குக்கி. துணைத்தளங்களுக்கு அது தேவையில்லை என்றால், குக்கியை வைக்கும் வரியில் டொமைன் பண்பையே எழுதாதீர்கள். அப்போது அது அந்த ஒரு சர்வர் பெயருக்கு மட்டும் உரியதாகிறது, பட்டியலைச் சார்ந்திருக்கும் தேவையும் குறைகிறது. லாகின் குக்கிக்கு 'ஹோஸ்ட்' என்ற முன்னொட்டைப் பயன்படுத்தினால், டொமைன் பண்பு இருக்கும் குக்கியை பிரவுசரே நிராகரித்துவிடும்.

ஆறாம் படி: திரையில் காட்டுவது

முகவரியைக் காட்டும்போது பிரவுசர் நாட்டுக் குறியீட்டைப் பார்த்து நடந்துகொள்ளும் ஓர் இடம் இருக்கிறது, அது ரோமன் அல்லாத எழுத்துகள். 2010 முதல் நாடுகள் தம் எழுத்திலேயே உச்சநிலை டொமைன் வைத்துக்கொள்ள முடிகிறது. தமிழில் மூன்று: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இவை இரண்டெழுத்து என்ற கட்டுக்குள் வராதவை. உள்ளே டிஎன்எஸ்ஸுக்குப் போகும்போது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாறித்தான் போகின்றன. பட்டையில் தமிழாகத் தெரிவதா, அந்தக் கோவையாகத் தெரிவதா என்பதை பிரவுசர் தீர்மானிக்கும்.

ஏமாற்றுப் பெயர்களைத் தடுக்க குரோம் இங்கே நுட்பமான விதிகள் வைத்திருக்கிறது. ரோமன் எழுத்துகளைப் போலவே தோன்றும் சிரிலிக் எழுத்துகளால் மட்டும் ஆன பெயர் '.காம்' கீழ் வந்தால் கோவையாகக் காட்டும். ரஷ்யா, உக்ரைன், பல்கேரியா போன்ற நாடுகளின் குறியீட்டின் கீழ் வந்தால் அங்கே அந்த எழுத்து இயல்பானது என்று அப்படியே விடும். ஐஸ்லாந்து மொழியின் 'தோர்ன்' எழுத்தை ரோமன் 'பி'யோ என்று மயங்க வாய்ப்புண்டு. அது ஐஸ்லாந்தின் குறியீட்டின் கீழ் வந்தால் மதிப்புண்டு, '.காம்' கீழ் வந்தால் சந்தேகம். மொழி வழங்கும் இடத்தைப் பார்த்து எழுத்துக்கு மரியாதை தரும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏழாம் படி: ஓர் எழுத்து தவறினால்

'.காம்' தட்டும்போது 'ஓ' விடுபட்டால் கேமரூன். 'சி' விடுபட்டால் ஓமான். 'எம்' விடுபட்டால் கொலம்பியா. கேமரூன் 2006 ஆகஸ்டில், பதிவாகாத எல்லா '.சிஎம்' பெயர்களுக்கும் ஒரே விளம்பரப் பக்கம் பதிலாக வரும்படி செய்தது. 2016இல் பிரபல நிறுவனங்களின் பெயர்களை '.ஓஎம்' கீழ் பதிந்து தீம்பொருள் தள்ளிய கும்பல் அம்பலமானது. அமெரிக்க ராணுவத்தின் '.மில்' என்பதில் ஓர் எழுத்து தவறி மாலி நாட்டின் '.எம்எல்'லுக்கு மின்னஞ்சல்கள் போய்க்கொண்டிருந்த செய்தி 2023இல் வந்தது.

பிரவுசரின் பார்வையில் இவை எல்லாம் பட்டியலில் இருக்கும் சரியான பின்னொட்டுகள், எனவே முதல் படியில் தடுக்காது. நீங்கள் செய்யக்கூடியது: அடிக்கடி போகும் தளங்களைப் புத்தகக்குறியில் வையுங்கள், கடவுச்சொல்லை மேலாளர் நிரப்பட்டும். அது நிரப்ப மறுத்தால் கையால் தட்டாதீர்கள், முகவரியின் கடைசி எழுத்துகளைப் படியுங்கள்.

எட்டாம் படி: குறுகிய பெயரை வாங்கும் முன்னும், விடும் முன்னும்

இரண்டெழுத்துப் பின்னொட்டு என்றால் நீங்கள் ஒரு நாட்டின் விதிகளுக்கு உட்படுகிறீர்கள். 2010 அக்டோபரில் லிபியா 'விபி.எல்ஒய்' என்ற இணைப்புச் சுருக்கும் தளத்தின் பெயரைப் பறித்தது. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் '.ஏஎஃப்' கீழ் இருந்த ஒரு சமூக வலைத்தளம் பெயரை இழந்தது. யூகோஸ்லாவியாவின் '.ஒய்யூ' 2010 மார்ச் 30 அன்று முழுவதுமாக நீக்கப்பட்டது. பெயர் அழகாக அமைகிறது என்பதற்காக மட்டும் பின்னொட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த நாட்டின் பதிவகம் எழுதியிருக்கும் விதிகளை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

வாங்கியதும் எந்த வரலாறும் இல்லாத புதிய பிரவுசர் கணக்கில் பெயரைத் தட்டிப் பாருங்கள். தேடலுக்குப் போகிறதா, தளத்துக்கா? கைபேசியிலும் பாருங்கள். அரட்டையில் ஒட்டினால் இணைப்பாகிறதா என்று பாருங்கள். இணைப்புச் சுருக்கத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பலை பிரவுசர்கள் நீண்ட நாள் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். போய்ச்சேரும் இடம் மாறக்கூடியது என்றால் 302 என்ற தற்காலிகத் திசைதிருப்பல் போதும்.

விடும்போதுதான் கவனம் அதிகம் தேவை. டொமைன் கைமாறியது பிரவுசருக்குத் தெரியாது. உங்கள் பயனர்களின் குக்கிகள் அந்தப் பெயரோடு கட்டப்பட்டவை, அடுத்த உரிமையாளரின் சர்வருக்கும் அவை அப்படியே போகும். 2022இல் வந்த குரோம் 104 முதல் ஒரு குக்கியின் ஆயுளுக்கு 400 நாள் உச்சவரம்பு உண்டு, அது கூட நீண்ட காலம்தான். சேமித்த கடவுச்சொற்களும் அந்தப் பெயரில் தாமாக நிரம்பும். எனவே பெயர் கையில் இருக்கும்போதே எல்லா லாகின்களையும் சர்வரில் செல்லாததாக்குங்கள். அப்புறம் 'கிளியர்-சைட்-டேட்டா' என்ற ஹெச்டிடிபி தலைப்பை (பக்கத்தோடு சேர்த்து சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பு) எல்லாப் பக்கங்களிலும் அனுப்புங்கள், அதைப் பெறும் பிரவுசர் அந்தத் தளத்துக்காகச் சேமித்த குக்கிகளையும் மற்ற தரவுகளையும் துடைத்துவிடும். தளத்துக்கு வருகிறவர்கள் தினமும் வருவதில்லை, ஆகவே பதிவைக் குறைந்தது இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்து, அந்த ஆண்டு முழுவதும் அதை அனுப்பிக்கொண்டிருங்கள்.